இரும்பின் வேலையை ஏற்றுக்கொண்ட நெகிழி

பெங்களூர் மாநகரின் காக்ஸ் டவுனை ஒட்டி, கிழக்கு ரயில் நிலையத்திற்கு அருகே அமைந்திருப்பது ஜீவனஹள்ளி. கண்டோன்மென்ட் பகுதியும் பழைய நகரமும் 1949-ஆம் ஆண்டில் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தமிழ் ஒலித்து வரும் வட்டாரம் இது. குறுகலான தெருக்களில் மளிகைக் கடைக்கும் தையற்கடைக்கும் இடையே சில வேளைகளில் கடைசல் எந்திரத்தின் ஓசையும் கேட்கிறது. இரண்டு லேத்துகளும் ஒரு துளையிடும் எந்திரமும் மட்டுமே உள்ள அத்தகைய சிறு பட்டறை ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம்.

உரிமையாளர் இரண்டு உருளைத் தண்டுகளை எடுத்து நம் கையில் கொடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். ஒன்று பால் வெண்மை. மற்றொன்று சந்தனத்தைச் சற்று மங்கலாக்கியது போன்ற நிறம். கையில் தூக்கிப் பார்த்தால் எடையிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

"வெள்ளை நைலான், சார். அது கெட்டுப்போனால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம். இந்தச் சந்தன நிறத் தண்டு கெட்டுப்போனால் அன்றைய கூலி மட்டுமல்ல, அந்த வாரத்துக் கூலியே போய்விடும்" என்றார் அவர். பிறகு எந்திரத்தின் அருகே நின்ற இளைஞரிடம் திரும்பி, "தம்பி, சூடேற விடாதே, மெதுவாக ஓட்டு" என்றார். "சரிங்க அண்ணே" என்று பதில் வந்தது.

அந்தச் சந்தன நிறத் தண்டின் பெயர் 'பீக்'. பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்னும் நீண்ட வேதிப்பெயரின் சுருக்கம் அது. நெகிழி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வாளியும் குடமும் கைப்பையுமே. ஆனால், விமானத்திலும், எண்ணெய்க் கிணற்றின் ஆழத்திலும், மனிதரின் முதுகெலும்பினுள்ளும் பணிபுரியும் நெகிழி ஒன்று உண்டு. அதன் இயல்புகளையும் பயன்களையும், அதை நம்பித் தொழில் செய்யும் சிறு பட்டறைகளின் வரவு செலவையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறந்த கதை

நைலானும் டெஃப்லானும் 1930-களில் கண்டறியப்பட்டவை. நைலான் உறுதியானது, ஆனால் நீரை உறிஞ்சிப் பருக்கும். டெஃப்லான் வெப்பத்தையும் வேதிப்பொருள்களையும் தாங்கும். ஆனால் மென்மையானது, சுமை ஏற்றினால் நாளடைவில் நசுங்கி விலகும். உறுதி, வெப்பம் தாங்கும் திறன், வேதிப்பொருள்களுக்கு அசையாத தன்மை ஆகிய மூன்றும் ஒரே பொருளில் அமைய வேண்டும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் விருப்பம்.

இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1978-ஆம் ஆண்டு பீக் முதன்முதலாக உருவாக்கப்பட்டது. அதற்கான காப்புரிமையில் ரோஸ், ஸ்டானிலாண்ட் என்னும் ஆய்வாளர்களின் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. 1980-களின் தொடக்கத்தில் அது விற்பனைக்கு வந்தது. பின்னர் 1993-இல் அத்தொழில் ஐ.சி.ஐ.யிலிருந்து பிரிந்து விக்ட்ரெக்ஸ் என்னும் தனி நிறுவனமாயிற்று.

நம் நாட்டிற்கும் இக்கதையில் ஓர் அத்தியாயம் உண்டு. மும்பையில் வேதிப்பொறியியல் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர் டாக்டர் கேக்கி கர்டா. அவர் நிறுவிய கர்டா கெமிக்கல்ஸ், குஜராத் மாநிலம் பனோலியில் பீக் உற்பத்தியை வளர்த்தெடுத்தது. உலகில் மிகச் சில நிறுவனங்களுக்கே கைவந்த நுட்பம் அது. பின்னர் பெல்ஜியத்தின் சால்வே நிறுவனம் அந்த உற்பத்திப் பிரிவை விலைக்கு வாங்கி, உலகச் சந்தைக்கான பீக்கைப் பனோலியிலிருந்தே வழங்கத் தொடங்கியது. டாக்டர் கர்டாவுக்கு 2016-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உறுதியின் இரகசியம்

நெகிழிகள் யாவும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. கண்ணிகள் எத்தகையவையோ அத்தகையதே சங்கிலியின் குணம். பீக் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் மூன்று பென்சீன் வளையங்கள் உள்ளன. அவற்றை இரண்டு ஈதர் இணைப்புகளும் ஒரு கீட்டோன் இணைப்பும் கோக்கின்றன. பென்சீன் வளையம் விறைப்பானது, எளிதில் சிதையாதது. கீட்டோன் இணைப்பும் அந்த விறைப்பிற்குத் துணை நிற்கிறது. ஈதர் இணைப்போ கதவின் கீல் போன்றது. சங்கிலி சற்றே வளைந்து கொடுக்க இடமளிக்கிறது. விறைப்பும் வளைவும் அளவோடு கலந்திருப்பதால் பொருள் உறுதியாகவும் இருக்கிறது, நொறுங்காமலும் இருக்கிறது.

உருகி ஆறும்போது இச்சங்கிலிகளின் ஒரு பகுதி ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகிறது. அந்தப் படிகங்களைக் கலைத்துப் பீக்கை உருகச் செய்ய 343 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஏறத்தாழ 250 டிகிரி வெப்பத்திலும் அது நெடுங்காலம் தொடர்ந்து பணிபுரியக்கூடியது. நம் சமையலறையில் எண்ணெய் பொரியும் வெப்பம் 180 டிகிரி அளவே என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். எனினும், 143 டிகிரிக்கு மேல் அதன் விறைப்பு குறையத் தொடங்குகிறது என்பதை வடிவமைப்பாளர் மறக்கலாகாது.

எடையைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கட்டி ஏறத்தாழ 7.8 கிலோ இருக்கும், அலுமினியம் 2.7 கிலோ; பீக் 1.3 கிலோ மட்டுமே. இழுவிசையைத் தாங்கும் வலிமையில் அது எஃகுக்கு ஈடாகாதுதான். ஆனால் 30 விழுக்காடு கார்பன் இழையைக் கலந்தால் அதன் வலிமை இரண்டு மடங்காக உயர்கிறது. நீரை மிகச் சிறிதளவே உறிஞ்சுகிறது. கொதிநீராவியில் நெடுநேரம் இருந்தாலும் கெடுவதில்லை. எளிதில் தீப்பற்றாது; பற்றினாலும் புகை மிகக் குறைவு. காமாக் கதிர்வீச்சையும் தாங்கும். பெரும்பாலான எண்ணெய்களும் கரைப்பான்களும் அதை அசைப்பதில்லை. அடர் கந்தக அமிலம் மட்டும் அறை வெப்பத்திலேயே அதைக் கரைத்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர்களும் நாளடைவில் அதன் மேற்பரப்பை மஞ்சளாக்கும். எல்லாம் வல்ல பொருள் என்று எதுவும் இல்லை.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

எண்ணெய், எரிவாயுத் துறையில் கிணற்றின் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் ஒருசேரத் தாக்கும். அங்குள்ள அடைப்பு வளையங்களுக்குப் பீக் ஏற்றது. காற்றழுத்தும் கம்ப்ரசர்களில் நொடிக்குப் பலமுறை திறந்து மூடும் வால்வுத் தகடுகளும் அதனால் செய்யப்படுகின்றன. உலோகத் தகடு உடைந்தால் அதன் துணுக்கு உருளையையே கீறிவிடும். நெகிழித் தகடு உடைந்தால் அச்சேதம் குறைவு.

விமானங்களில் கம்பித்தொகுதிகளைப் பிடித்து நிறுத்தும் கவ்விகளாகவும் தாங்கிகளாகவும் அது பயன்படுகிறது. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம். தீ நேர்ந்தால் புகை குறைவு என்பது பயணிகளின் உயிர்க் காப்பு. வாகனங்களின் கியர் பெட்டியில் சூடான எண்ணெயில் சுழலும் வாஷர்களும், மின்வாகன மோட்டார்களில் செப்புக் கம்பியின் மேலுறையும் பீக்கால் ஆகின்றன. கணினிச் சில்லு தயாரிக்கும் ஆலைகளில், சிலிக்கான் வட்டைத் தேய்த்து மெருகூட்டும்போது அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையமும் இந்நெகிழியே. மருந்து ஆய்வுக்கூடங்களில் திரவங்களைப் பகுத்தறியும் கருவிகளின் மெல்லிய குழாய்களாகவும் அதைக் காணலாம்.

மருத்துவப் பயன் நம் மனத்தைத் தொடுவது. தேய்ந்த முதுகெலும்பு வட்டை நீக்கிவிட்டு, இரு எலும்புகளுக்கு இடையே சிறு கூடு ஒன்றைப் பொருத்தி அவற்றை இணைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. அக்கூடுகள் பல பீக்கால் செய்யப்படுகின்றன. டைட்டானியம் எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. முழுச் சுமையையும் தானே தாங்கிக்கொள்வதால் அருகிலுள்ள எலும்பு வேலையின்றி மெலியக்கூடும். பீக்கின் விறைப்பு டைட்டானியத்தின் விறைப்பை விட மிகக் குறைவு. ஆகவே சுமையை எலும்போடு பகிர்ந்துகொள்கிறது. மேலும், எக்ஸ்-ரே கதிர்கள் அதனூடே செல்வதால், எலும்பு கூடிவருகிறதா என்பதை மருத்துவர் படத்தில் பார்க்க முடிகிறது. விபத்தில் மண்டையோட்டின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு, அவரவர் தலையின் அளவிற்கேற்ப வார்க்கப்படும் மூடுதகடும் இப்பொருளால் ஆகிறது. இவற்றிற்கென மருத்துவத் தரச் சான்று பெற்ற தனிவகைப் பீக் உண்டு. பட்டறையில் கிடைக்கும் தொழில்துறைத் தண்டை அதற்குப் பயன்படுத்துதல் ஆகாது.

பட்டறையில் நிகழ்வது

பெங்களூரில் சிறு கடைசல் பட்டறைகள் பெருகியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் ஐ.டி.ஐ.யும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இந்நகரில் தோன்றின. பெரிய ஆலைகளுக்குச் சிறு பாகங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கடைந்து கொடுக்கக் கைத்திறன் மிக்கோர் தேவைப்பட்டனர். அவ்வழி வந்த திறனே இன்று நெகிழியையும் கடைகிறது.

உலோகத்தைக் கடைந்து பழகிய கைக்குப் பீக் சில புதிய பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, வெப்பம். உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்திவிடும், நெகிழி கடத்தாது. வெட்டும் இடத்திலேயே சூடு தங்கிவிடும். ஆகவே வெட்டுளி கூர்மையாக இருத்தல் வேண்டும். குளிர்ச்சி இடைவிடாது கிடைத்தல் வேண்டும். மழுங்கிய உளி வெட்டாது, தேய்க்கும், தேய்த்தால் சூடேறும், சூடேறினால் அளவு பிறழும்.

இரண்டாவது, விரிவு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுப் புஷ் ஒன்று 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் விரியும். அதே அளவுள்ள பீக் புஷ் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர் விரியும். அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. எனவே எஃகுப் பாகத்தின் வரைபடத்தை அப்படியே எடுத்து நெகிழியில் கடைந்து கொடுத்தால், ஓடும்போது அது தண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வெப்பத்தில் பாகம் பணிபுரியும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து இடைவெளி விட வேண்டும். அளவெடுப்பதும் பாகம் அறை வெப்பத்திற்கு ஆறிய பின்னரே.

மூன்றாவது, உள்ளிறுக்கம். தண்டு வார்க்கப்பட்டபோது உள்ளே தங்கிய இறுக்கம், மேற்பகுதியை வெட்டி எடுத்தவுடன் விடுபட்டுப் பாகத்தை நெளியச் செய்யும். பெருந்துளை இடும்போது விரிசலும் விழலாம். அதனால், முதலில் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அடுப்பில் மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு, அதன் பின்னரே இறுதி அளவிற்குக் கொண்டுவருகிறார்கள். "இந்த ஆறவிடும் நேரத்தைத்தான் வாடிக்கையாளர்கள் புரிந்துகொள்வதில்லை, சார். நாளைக்கே வேண்டும் என்பார்கள்" என்றார் உரிமையாளர்.

கூலியும் முதலும்

பீக் தண்டின் விலை கிலோவுக்குப் பல ஆயிரம் ரூபாய். தொழிலின் முழுக் கணக்கையும் அது மாற்றிவிடுகிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகளே.

100 புஷ்களுக்கு ஆணை கிடைக்கிறது. ஒவ்வொன்றிற்கும் பொருட்செலவு ரூ.600, மொத்தம் ரூ.60,000. வாடிக்கையாளர் தரவிருப்பது ரூ.85,000. கூலியாக மிஞ்சுவது ரூ.25,000. இப்போது கடைசலில் 10 பாகங்கள் அளவு தவறினால், மாற்றுப் பொருள் வாங்க ரூ.6,000 கூடுதலாகச் செலவாகும், மிச்சம் ரூ.19,000. பணம் வர மூன்று மாதம் ஆனால், முதலீடு செய்த ரூ.60,000-க்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றாலும் ரூ.1,800 போய்விடும். மிஞ்சுவது ரூ.17,200. ஒரு பாகத்திற்கு ரூ.30 மட்டுமே பொருட்செலவாகும் நைலானில் இதே 10 பாகங்கள் கெட்டிருந்தால் இழப்பு ரூ.300-தான். உரிமையாளர் அந்த வாரத்துக் கூலியைப் பற்றிச் சொன்னதன் பொருள் இதுவே.

இதிலிருந்து சிறு தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் சில படிப்பினைகளைப் பெறலாம்.

விலைமதிப்புள்ள பொருளை வாடிக்கையாளரே வழங்கினால், கூலி வேலை மட்டும் செய்து கொடுப்பது ஒரு வழி. அவ்வாறெனில் எத்தனை விழுக்காடு கழிவு ஏற்கப்படும் என்பதை எழுத்தில் பெறுதல் நன்று. பொருளை நாமே வாங்குவதாயின், பொருட்செலவுக்கேனும் முன்பணம் கோருதல் முறையே ஆகும். கெடக்கூடிய பாகங்களையும் எண்ணி விலை கூறுதல் வேண்டும்.

வாங்கும் தண்டு உண்மையான பீக்தானா என்று உற்பத்தியாளரின் சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் அவசியம். எளிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு துண்டை எடைபோட்டு, அதன் கன அளவால் வகுத்துப் பார்க்கலாம். கலப்பற்ற பீக் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் இருக்கும், நைலான் 1.14, அசிட்டால் 1.41, டெஃப்லான் 2.2. எண் பொருந்திவிட்டால் மட்டும் உறுதியாகாது. ஆனால் பொருந்தவில்லை என்றால் ஐயம் கொள்ளலாம்.

கடைசலில் விழும் சுருள்களைக் குப்பையில் சேர்க்கலாகாது. பீக் மீண்டும் உருக்கத்தக்க நெகிழி. எண்ணெயும் பிற நெகிழித் துருவல்களும் கலவாமல் தனிப் பையில் சேர்த்து வைத்தால் அதற்கும் விலை உண்டு.

பணம் வந்து சேரும் நாள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்நாள் எவ்வகையிலும் 45 நாள்களைத் தாண்டலாகாது. எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இப்பயனைப் பெறுவதற்கு, 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு துணைபுரியும். அப்பதிவு இணையத்தில் கட்டணமின்றிச் செய்யத்தக்கது.

கடனைப் பொறுத்தவரை ஒரு பொதுநெறியை நினைவில் கொள்ளலாம். பல ஆண்டுகள் உழைக்கும் எந்திரத்திற்குத் தவணைக் கடன். சில வாரங்களில் பாகமாகிப் பணமாகத் திரும்பும் தண்டுக்கு நடைமுறை மூலதனக் கடன். நடைமுறை மூலதனத்தை எடுத்து எந்திரம் வாங்கிவிட்டு, தண்டு வாங்கப் பணமின்றி நல்ல ஆணையைக் கைவிட்டவர்கள் உண்டு. பிணையம் வைக்கச் சொத்து இல்லாதோருக்காக, இந்திய அரசும் சிட்பியும் 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய கடன் உத்தரவாத நிதியம் இயங்குகிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டமும் குறுந்தொழில்களுக்குக் கை கொடுக்கிறது. தகுதி, வரம்பு பற்றிய இன்றைய விவரங்களைக் கிளையில் கேட்டறியலாம்.

பீக்தான் வேண்டுமா?

பட்டறையில் நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். நாம் பேசிக்கொண்டிருந்தபோது, தேய்ந்த புஷ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். எல்லோரும் பீக் நல்லது என்கிறார்கள், அதிலேயே செய்து கொடுங்கள் என்றார். உரிமையாளர் உடனே விலை கூறவில்லை. எந்திரம் எவ்வளவு சூடாகும், நீரோ எண்ணெயோ படுமா, எவ்வளவு வேகத்தில் சுழலும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையைச் சுடாத வெப்பம், உலர்ந்த இடம், மெதுவான சுழற்சி என்று விடை கிடைத்தது. "இதற்கு அசிட்டாலே போதும், சார். பீக்குக்குக் கொடுக்கும் பணத்தில் இதைப் பலமுறை மாற்றிக்கொள்ளலாம்" என்றார்.

பெரிய ஆணையொன்றை அவர் இழந்தார் என்று அதை எண்ணத் தேவையில்லை. வந்தவர் அசிட்டால் புஷ்ஷுக்கு ஆணை கொடுத்ததோடு, தம் ஆலையில் நீராவி படும் இடத்தில் உள்ள வேறொரு பாகத்தின் அளவையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார். அதற்குப் பீக் வேண்டியிருக்கும் என்று உரிமையாளர் குறித்துக்கொண்டார்.

இளைஞர் எந்திரத்தை நிறுத்தி, கடைந்து முடித்த சந்தன நிறப் புஷ்ஷை மேசைமேல் வைத்தார். உடனே அளவெடுக்கவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தார்.